பழைய டிராக்டர் வாங்கப் போறீங்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்க... முழு விவரம்!

"புது வண்டி வாங்க வசதி இல்ல. வாடகை வண்டி கூப்பிட்ட நேரத்துக்கு வர்றதில்ல. மழை பெஞ்சு ஈரம் காயறதுக்குள்ள உழுதாகணும். பேசாம ஒரு பழைய டிராக்டர் வாங்கிடலாமா?"

ஐந்து, ஆறு ஏக்கர் வைத்திருக்கும் பல வீடுகளில் பட்டம் தொடங்கும்போதெல்லாம் வரும் பேச்சு இது. நகையை அடகு வைத்தோ, மாட்டை விற்றோ இரண்டு மூன்று லட்சம் ரூபாய் புரட்டிக்கொண்டு போய், பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டியை வீட்டுக்கு ஓட்டி வருகிறார்கள். இரண்டாவது வாரமே இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் வண்டி மேல் இன்னும் கடன் இருக்கிறது என்கிறார்கள்.

இதில் பெரும்பாலான சிக்கல்களை வாங்கும் முன்பே கண்டுபிடித்துவிட முடியும். எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

முதல் கேள்வி: உங்களுக்கு சொந்த டிராக்டர் தேவையா?

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு சின்ன கணக்கு போடுங்கள். கீழே இருப்பது ஓர் உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

வண்டி விலை 3 லட்சம், வாங்கியதும் செய்யும் வேலைக்கு 1 லட்சம், ஆக 4 லட்சம் முதலீடு என்று வைத்துக்கொள்வோம். 12% வட்டி என்றால் ஆண்டுக்கு வட்டி மட்டும் 48,000 ரூபாய். சர்வீஸ், டயர் தேய்மானம், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய். மொத்தம் 88,000.

உங்கள் ஊரில் உழவு வாடகை மணிக்கு 1,000 ரூபாய். சொந்த வண்டியில் மணிக்கு 4 லிட்டர் டீசல், லிட்டர் 92 ரூபாய் என்றால் 368 ரூபாய் செலவு. நீங்களே ஓட்டினால் மணிக்கு 632 ரூபாய் மிச்சம்.

88,000-ஐ 632-ஆல் வகுத்தால் சுமார் 140 மணி நேரம். அதாவது, ஆண்டுக்கு 140 மணி நேரமாவது வண்டிக்கு வேலை இருந்தால்தான் கட்டுப்படியாகும். ஐந்து ஏக்கருக்கு இரண்டு போகமும் சேர்த்து 40 மணி நேரம்தான் உழவு வரும் என்றால், மீதி 100 மணி நேரம் அக்கம்பக்கத்து வயலில் ஓட்டியாக வேண்டும். அந்த வேலை கிடைக்கும் என்ற உறுதி இருக்கிறதா? இல்லையென்றால் தமிழக அரசின் வேளாண் பொறியியல் துறை வாடகைக்குத் தரும் டிராக்டர்களை 'உழவன்' செயலியில் பதிவு செய்து பயன்படுத்துவதே லாபம்.

சரி, வாங்குவதுதான் முடிவு என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. டிராக்டர் டயர், உதிரி பாகங்களுக்கும் 18-ல் இருந்து 5 சதவீதம் ஆனது. வரியோடு 7 லட்சம் ரூபாய்க்கு விற்ற புது வண்டி, இந்தக் கணக்கில் மட்டும் 43,000 ரூபாய்க்கு மேல் இறங்கும். புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டியின் விலையும் இறங்கத்தானே வேண்டும்? விற்பவர் பழைய கணக்கிலேயே நின்றால், இதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

எந்த வண்டி வாங்கலாம்?

'எந்த கம்பெனி பெஸ்ட்?' என்பதைவிட, 'எங்க ஊர்ல எந்த வண்டிக்கு சாமான் கிடைக்கும், கை வைக்க ஆள் இருக்கு?' என்பதுதான் சரியான கேள்வி.

தமிழ்நாட்டில் மாஸி ஃபெர்குசன் 1035, மஹிந்திரா 475, 575, ஸ்வராஜ் 735 போன்ற மாடல்கள் நிறைய ஓடுகின்றன. இவற்றுக்கு உதிரி பாகம் சின்ன டவுனிலும் கிடைக்கும். மாஸி 1035, 36 குதிரைத்திறன் கொண்ட மூன்று சிலிண்டர் வண்டி. மஹிந்திரா 575, 45 குதிரைத்திறன் கொண்ட நான்கு சிலிண்டர் வண்டி. கல்டிவேட்டர், டிப்பர் வேலைக்கு முதல் வண்டியே போதும். பெரிய ரோட்டவேட்டர் போட வேண்டுமென்றால் இரண்டாவது பக்கம் போக வேண்டியிருக்கும்.

எச்.எம்.டி. வண்டிகள் சில இடங்களில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். வண்டி உறுதியானதுதான். ஆனால் அந்த நிறுவனத்தின் டிராக்டர் பிரிவை மூட 2016-லேயே மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்துவிட்டது. எனவே பாகங்கள் கிடைக்குமா என்று கடையில் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பழைய வண்டிக்கு ஒரு பெரிய நன்மை உண்டு. அவற்றில் டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். சென்சார், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களுக்கு 2023 ஜனவரி முதல் 'ட்ரெம் 4' என்ற கடுமையான புகை விதி வந்ததால், அந்த வண்டிகளில் எலக்ட்ரானிக்ஸ் புகுந்துவிட்டது. பழைய வண்டியை உள்ளூர் பட்டறையிலேயே பிரித்து மாட்டலாம்.

வண்டியைப் பார்க்கும் நாள்: காலையில் போங்க, சூடா இருக்கான்னு தொட்டுப் பாருங்க

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதலில் பானெட்டைத் திறந்து இன்ஜின் பிளாக்கில் மெதுவாகக் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏற்கனவே ஓட்டி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். குளிர்ந்த இன்ஜின் தன் நோயை மறைக்காது. சூடான இன்ஜின் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்:

* ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. காபியில் பால் கலந்தது போல் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஹெட் கேஸ்கெட்டோ, லைனர் சீலோ, பிளாக்கோ போயிருக்கலாம்.
* அந்த ஆயில் புத்தம் புதிதாக, வழக்கத்தைவிடக் கெட்டியாக இருக்கிறதா? புகையையும் சத்தத்தையும் மறைக்கக் கெட்டி ஆயில் ஊற்றும் பழக்கம் உண்டு. எப்போது மாற்றினீர்கள், எந்த ஆயில் என்று கேளுங்கள்.
* ரேடியேட்டர் மூடியைத் திறங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது மட்டும்தான் திறக்க வேண்டும். தண்ணீர் மேல் எண்ணெய்ப் படலம் மிதந்தால் உஷார்.
* சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் இரண்டையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். வேறு வண்டியின் இன்ஜினை மாற்றிப் போட்டிருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள்.

புகை என்ன சொல்கிறது?

வெள்ளைப் புகை: குளிர்ந்த இன்ஜினில் ஆரம்பத்தில் கொஞ்சம் வருவது சகஜம். சில நிமிடத்தில் நிற்க வேண்டும். நிற்காமல் வந்தால் நாசில் சரியில்லை, கம்ப்ரெஷன் குறைவு, அல்லது உள்ளே தண்ணீர் போகிறது.

நீலப் புகை: இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. ரிங், லைனர், அல்லது வால்வு கைடு தேய்ந்துவிட்டது. செலவு பெரியது.

கறுப்புப் புகை: டீசல் முழுசாக எரியவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, நாசில், பம்ப் செட்டிங் என்று காரணம் பல. இது பெரும்பாலும் சின்னச் செலவிலேயே சரியாகும். லோடில் இழுக்கும்போது லேசாக வருவது பழைய வண்டிகளில் இயல்பு.

அடுத்து, வண்டி ஓடும்போதே பிரீதர் பைப்பைப் பாருங்கள். அங்கிருந்து ரயில் இன்ஜின் மாதிரி புஸ் புஸ்ஸென்று புகை வந்தால், சிலிண்டரில் இருக்க வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது. 'போர் வேலை' காத்திருக்கிறது என்று அர்த்தம்.

மீட்டரில் காட்டும் மணி நேரத்தை நம்ப வேண்டாம். கேபிள் அறுந்து வருஷக்கணக்கில் நின்ற மீட்டர்கள்தான் அதிகம். கிளட்ச் பெடல், ஸ்டியரிங் வளையம், சீட் இவற்றின் தேய்மானம் மீட்டரைவிட உண்மையைச் சொல்லும்.

ஓட்டிப் பார்க்கும்போது

* கிளட்ச்: திறந்த இடத்தில், முன்னால் யாரும் இல்லாதபோது, பிரேக்கை மிதித்தபடி உயர் கியரில் கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைய வேண்டும். அணையாமல் சாவகாசமாக ஓடினால் கிளட்ச் நழுவுகிறது. கிளட்ச் மாற்ற வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும் என்பதால் கூலியும் கூடும்.
* கியர்: எல்லா கியரிலும் ஓட்டுங்கள். மேட்டில் இழுத்துவிட்டு ஆக்சிலேட்டரைத் தளர்த்தும்போது கியர் தானாக நியூட்ரலுக்கு வந்தால், பாக்ஸில் வேலை இருக்கிறது.
* பிரேக்: இடது, வலது பெடல்களைத் தனித்தனியாகவும், சேர்த்துப் பூட்டியும் சோதியுங்கள். பூட்டி மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கக்கூடாது.
* ஹைட்ராலிக் லிஃப்ட்: வெறும் கையைத் தூக்கிக் காட்டுவதில் அர்த்தமில்லை. கல்டிவேட்டரை மாட்டித் தூக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் இன்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் கலப்பை தரைக்கு வந்துவிட்டால் உள்ளே கசிவு இருக்கிறது. ஓடும்போது லிஃப்ட் 'துள்ளினாலும்' அதே கதைதான்.
* முன்பக்கம்: ஜாக்கி போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் பேரிங், கிங் பின் தேய்மானம். இடமும் வலமும் ஆடினால் டை ராடு முனைகள்.
* டயர்: பின் டயர் ஒரு ஜோடி மாற்றுவதே பெரிய செலவு. பட்டன் எவ்வளவு மிச்சம், பக்கவாட்டில் வெடிப்பு உண்டா என்று பார்த்து, அதை விலையில் கழியுங்கள்.

சேற்றில் ஓடின வண்டியா?

டெல்டா மாவட்டங்களில் வாங்குபவர்கள் இதை மறக்கவே கூடாது. கேஜ் வீல் போட்டுத் தொழி அடித்த வண்டிகளில் பின் ஆக்சில் ஆயில் சீல்கள் சேற்றில் அறுபட்டு, தண்ணீர் உள்ளே போயிருக்கும். பின் சக்கரத்தின் உட்பக்கம் ஆயில் வழிந்து மண் படிந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கியர்பாக்ஸ் ஆயிலையும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பால் போல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. பேரிங், பிரேக் என்று வரிசையாகச் செலவு வைக்கும்.

நன்றாகக் கழுவி, பெயிண்ட் அடித்து நிறுத்திய வண்டியைவிட, ஆயில் கசிவு கண்ணுக்குத் தெரியும் அழுக்கு வண்டியை நம்பலாம். எங்கே கோளாறு என்பதாவது தெரிகிறது.

காகிதம் சரியில்லேன்னா வண்டியே வேண்டாம்

மெக்கானிக்கல் கோளாறைப் பணம் செலவழித்துச் சரிசெய்யலாம். ஆவணக் கோளாறு அப்படியல்ல. 'ஆர்.சி. அப்புறம் தர்றேன்' என்றால், அட்வான்ஸும் அப்புறம்தான்.

1. கடன் இருக்கிறதா? வண்டி நம்பரை 'எம்-பரிவாஹன்' செயலியில் போட்டுப் பாருங்கள். ஹைப்போதிகேஷன், அதாவது பேச்சு வழக்கில் 'ஹெச்பி', பதிவாகியிருந்தால், கடன் கொடுத்த நிறுவனத்தின் தடையில்லாக் கடிதமும் படிவம் 35-ம் வேண்டும். 'கடன் கட்டியாச்சு, லெட்டர் மட்டும் வரல' என்ற வாய் வார்த்தை செல்லாது.

2. பறிமுதல் வண்டியா? தவணை கட்டாததால் ஃபைனான்ஸ் நிறுவனம் எடுத்துவந்த வண்டிகள் யார்டில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஆர்.சி. பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். ஃபைனான்ஸ் நிறுவனம் படிவம் 36 மூலம் தன் பெயருக்கு ஆர்.சி. வாங்கிவிட்டதா என்று கேளுங்கள்.

3. வழக்கு இருக்கிறதா? திருட்டு மணல் ஏற்றியதாகப் பிடிபட்ட டிராக்டர்கள் வழக்கு முடியும் முன்பே கைமாறுவது உண்டு. செயலியில் அபராத பாக்கியைப் பார்ப்பதோடு, விற்பவரின் ஊர் காவல் நிலையத்திலும் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

4. பதிவு உயிரோடு இருக்கிறதா? விவசாய டிராக்டருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதன் பிறகு ஆய்வுக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். '10 வருஷம் ஆன டீசல் வண்டி ஓடக்கூடாதாமே?' என்று பலர் கேட்கிறார்கள். அது டெல்லி தலைநகரப் பகுதிக்காக வந்த கட்டுப்பாடு. தமிழ்நாட்டில் டிராக்டருக்கு அப்படி வயது வரம்பு இல்லை.

5. டிப்பருக்குத் தனி ஆர்.சி. உண்டா? டிரெய்லருக்குத் தனிப் பதிவு வேண்டும். 'வண்டியோட சேர்த்துத் தர்றேன்' என்பார்கள். பதிவில்லாத டிப்பர் ரோட்டில் விபத்தில் சிக்கினால் இழப்பீட்டு விவகாரம் உங்கள் தலையில் விடியலாம்.

6. வெளி மாநில வண்டியா? ஆந்திரா, கர்நாடகா பதிவு என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று, அதாவது படிவம் 28, அவசியம். இங்கே மறுபதிவு, வரி என்று தனிச் செலவும் இருக்கிறது.

விற்பவரும் கவனிக்க வேண்டியது

வண்டி கைமாறிய பிறகு, விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவு. படிவம் 29, 30 இரண்டும் இதற்குத்தான். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

'கையெழுத்து போட்டுக் கொடுத்துட்டேன், இனி எனக்கென்ன' என்று விற்றவர் இருந்துவிட முடியாது. நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் உரிமையாளர். விபத்து இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான். அந்த வழக்கில் வண்டி பலர் கைமாறியிருந்தும், பதிவு மாறாததால் பொறுப்பு முதல் உரிமையாளர் மீதே விழுந்தது. எனவே பெயர் மாற்றத்தை இருவரும் சேர்ந்து போய் முடிப்பதுதான் இருவருக்கும் பாதுகாப்பு.

வாங்கியாச்சு... எதை முதலில் சரிசெய்வது?

பலர் முதலில் செய்வது பெயிண்ட், ஸ்டிக்கர், பாட்டு செட். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்.

முதலில் உயிர் காக்கும் பாகங்கள். பிரேக், ஸ்டியரிங், விளக்கு, பின்பக்க ரிஃப்ளெக்டர். இரவில் கரும்பு ஏற்றி நிற்கும் டிப்பரில் பின் விளக்கு இல்லாமல் நடக்கும் விபத்துகளை அடிக்கடி செய்திகளில் பார்க்கிறோம்.

இரண்டாவது, எல்லா ஆயிலும். முன்னவர் என்ன ஊற்றினார் என்று தெரியாது. இன்ஜின் ஆயில், கியர்பாக்ஸ்-ஹைட்ராலிக் ஆயில், ஸ்டியரிங் ஆயில், ஃபில்டர்கள் என எல்லாவற்றையும் மாற்றி, தேதியைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, காற்றும் தண்ணீரும். பழைய வண்டிகளில் ஏர் கிளீனர் 'ஆயில் பாத்' வகை. அடிக் கிண்ணத்தில் உள்ள ஆயில்தான் தூசியைப் பிடிக்கும். அதைக் கழுவி ஆயில் மாற்றாமல் புழுதியில் ஓட்டினால், தூசி நேராக லைனருக்குப் போய் உப்புத்தாள் போலத் தேய்க்கும். கிண்ணம் மாற்றும் செலவு சில நூறு ரூபாய், லைனர் மாற்றும் செலவு பல ஆயிரம். ரேடியேட்டரையும் கழுவி, ஃபேன் பெல்ட், ஹோஸ் பாருங்கள்.

நான்காவது, டீசல் வழி. டேங்கை இறக்கி அடியில் தேங்கிய தண்ணீரையும் கசடையும் கழுவுங்கள். டீசல் ஃபில்டர் மாற்றுங்கள். நாசில்களைக் கழற்றி பம்ப் கடையில் டெஸ்ட் செய்யுங்கள். பல வண்டிகளில் கறுப்புப் புகையும் இழுவைக் குறைவும் இதிலேயே தீர்ந்துவிடும்.

இன்ஜின் இறக்குவது கடைசி முடிவு. ஆயில் குடிக்கிறது, பிரீதரில் புகை வருகிறது, இழுவை இல்லை, மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் போர் வேலைக்குப் போங்கள். அப்படிப் போனால் பிஸ்டன், ரிங், லைனரோடு நிறுத்தாமல் கிராங்க், பேரிங் அளவையும் லேத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பாதி வேலை பார்த்து மூடினால் மறுபடி இறக்க வேண்டி வரும். வேலை முடிந்த இன்ஜினை முதல் சில நாள்கள் லேசான வேலையில் ஓட்டி, முதல் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

டீசல் தீர்ந்து 'ஏர்' பிடித்தால் என்ன செய்வது?

நடு வயலில் டீசல் தீர்ந்துவிட்டால், திரும்ப ஊற்றினாலும் பழைய வண்டி ஸ்டார்ட் ஆகாது. குழாயில் காற்று புகுந்திருக்கும். மெக்கானிக் இல்லாமலே எடுக்கலாம்:

1. டேங்க் குழாயைத் திறந்து, டீசல் ஃபில்டர் மேல் உள்ள சிறு ஸ்குரூவைத் தளர்த்துங்கள்.
2. கை பம்ப்பை அழுத்திக்கொண்டே இருங்கள். நுரை நுரையாக வந்து, பிறகு குமிழ் இல்லாமல் டீசல் வந்ததும் ஸ்குரூவை இறுக்குங்கள்.
3. அடுத்து டீசல் பம்ப்பில் உள்ள ஸ்குரூவிலும் இதையே செய்யுங்கள்.
4. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் நாசில் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள்.

எச்சரிக்கை: நாசில் பக்கம் பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும் அளவுக்கு அழுத்தமானது. கையை அருகில் வைத்துப் பார்க்க வேண்டாம். அப்படி ஏதாவது பட்டால், சின்னப் புள்ளிதானே என்று விடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இதையும் மறக்காதீங்க

பழைய வண்டிகள் பலவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டம் கிடையாது. பி.டி.ஓ. ஷாஃப்ட்டின் மூடியும் எப்போதோ கழன்று போயிருக்கும்.

* சுழலும் ஷாஃப்ட் அருகே துண்டு, வேட்டி நுனி, சேலைத் தலைப்பு எதுவும் போகக்கூடாது. மூடி இல்லாவிட்டால் முதலில் அதை வாங்கி மாட்டுங்கள்.
* சிக்கிய வண்டியையோ மரத்தையோ இழுக்கும்போது, சங்கிலியைக் கீழே உள்ள இழுவைக் கம்பியில் மட்டும் மாட்டுங்கள். மேல் லிங்க்கில் மாட்டினால் முன்பக்கம் தூக்கி, வண்டி ஓட்டுபவர் மேலேயே கவிழும்.
* ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்டுங்கள். வேகத்தில் ஒரு பக்கம் மட்டும் மிதிபட்டால் வண்டி புரண்டுவிடும்.
* மட்கார்டில் குழந்தைகளை உட்கார வைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஒரு யோசனை. வண்டி பார்க்கப் போகும்போது, உங்களுக்கு எப்போதும் வேலை பார்க்கும் மெக்கானிக்கை ஒரு நாள் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள். புரோக்கரோடு வரும் மெக்கானிக் வேண்டாம். அவர் சொல்லும் வேலைகளை ஒரு தாளில் செலவோடு எழுதி, விற்பவர் கேட்கும் விலையோடு கூட்டுங்கள். அந்தத் தொகைதான் வண்டியின் உண்மையான விலை. அது உங்கள் கையில் இருக்கும் பணத்தைத் தாண்டினால், "யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று கிளம்பிவிடுங்கள். அடுத்த வாரம் வேறு வண்டி விலைக்கு வரும். அடகு வைத்த நகையை மீட்பது அவ்வளவு சுலபமில்லை.